மூன்றும் பதின்மூன்றும் ஓடும் தண்டவாளம்

பாலைப் பொங்க விடாத அடுப்பை லோறென்ஸ்கூக்கில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒஸ்லோவுக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில் என் மகன் கார்த்திக்கும் மருமகள் தர்சிகாவும் வீடு வாங்கியிருந்தார்கள். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்காக என்னைத் திருச்சியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு மின்னடுப்பு. பால் விளிம்பைத் தாண்டி இரண்டு சொட்டு விழுந்ததுமே அது கீச்சென்று கத்திவிட்டுத் தானாக அணைந்துகொண்டது. துடைத்துவிட்டு மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது பாதுகாப்புக்கு அப்படிச் செய்யும், மாமி" என்றாள் தர்சிகா. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மாமியார் என்றால் மாமி. திருச்சியில் எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு ஆள் உண்டு. இரண்டு வருடமாகியும் அவள் கூப்பிடும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் என்னை என்று புரிந்துகொள்கிறேன்.

"கிழக்குப் பக்கமாப் பொங்கினதெண்டு வைச்சுக்கொள்ளுவம். சாப்பாடு ஆறுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவர் தர்சிகாவின் அம்மா வதனி, என் சம்பந்தி. கல்யாணத்தின்போது மூன்று நாள் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு தொலைபேசியில் நலம் விசாரிப்பு மட்டும்தான்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். தண்ணீர் கேட்டு நான் கையை நீட்டுகிறேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார், கை மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு வந்தபோதே கண்ணில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நேர பாத்தால் உங்கட மூக்குத்தி தெரியுது. காது தெரியேல்லை" என்றார் வதனி, மழை வருகிறது என்று சொல்வதுபோல. "வருசம் வருசமாச் சுருங்கிக்கொண்டு வருது. இருட்டெண்டால் ஒண்டுமே இல்லை."

"சம்பந்தியம்மா…" என்று ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

"அது என்ன அம்மா. வதனி எண்டு கூப்பிடுங்கோ. நான் உங்களை அக்கா எண்டுறன்."

மறுநாள் பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வதனியின் கணவர் பத்மநாதன் காரில் வந்து, சில நாள் தங்குவதற்காக என்னைப் பியோர்ண்டாலில் உள்ள அவர்களுடைய வீட்டுக்கு அழைத்துப்போனார். மலைச்சரிவில் அடுக்கு அடுக்காகக் கட்டிய குடியிருப்பு. எதிர்வீட்டுப் பெண் சோமாலி, பக்கத்து வீட்டார் பாகிஸ்தான்காரர்கள். மாடிப்படியில் ஏறும்போது ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒவ்வொரு மசாலா மணந்தது. உள்ளே இடியப்பமும் சொதியும் கட்டைச் சம்பல் என்கிற தேங்காய்த் துவையலும் இருந்தன. சொதி என்பது நம் ஊர்க் குருமாவும் இல்லை, ரசமும் இல்லை. நான்காவது முறை ஊற்றிக்கொண்டபோதுதான் கூச்சம் வந்தது.

பத்மநாதன் அதிகம் பேசாத மனிதர். நோர்வேயின் வட கோடியில் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில்தான் இரண்டு பேரும் முதலில் வேலை செய்திருக்கிறார்கள். சூரியனே வராத மாதங்களில் பனியில் கைகோத்து வேலைக்கு நடந்து போவார்களாம். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, வதனி முதியோர் இல்லச் சமையலறையில் பல வருடம் இருந்தார். பார்வை சுருங்கத் தொடங்கியதும் கத்தியும் கொதிக்கும் பானையும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது புது வேலை கிடைத்திருக்கிறது. நகரத்துக்கு மேற்கே றிங்ஸ்தாபெக் என்ற இடத்தில் ஒரு முதியோர் நிலையத்தில் தொலைபேசி எடுப்பது. வரும் திங்கட்கிழமை தொடக்கம். அதில்தான் வீட்டில் சண்டை.

"கொம்யூன் டாக்சி தருது. வாசல்ல வந்து ஏத்தி வாசல்ல இறக்குவான். இவ என்னெண்டால் பானெயில போறன் எண்டு நிக்கிறா" என்றார் பத்மநாதன். கொம்யூன் என்றால் நகராட்சி. பானெ என்றால் இங்கே மெட்ரோ.

"டாக்சி வாற நேரம் நான் வெளிக்கிட்டு நிக்க வேணும். வரேல்லையெண்டால் நிண்டுகொண்டே நிக்க வேணும். பானெயெண்டால் நான் நினைச்ச நேரம் போவன், நினைச்ச நேரம் வருவன்" என்றார் வதனி.

"வந்தனீர்தானே போன மாசம். எங்கை வந்தனீர்?"

வதனி என் பக்கம் திரும்பினார். நடந்ததைச் சொன்னார். நகராட்சியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து வெள்ளைப் பிரம்போடு நடக்கக் கற்றுக்கொடுத்து, வேலையிடத்துக்குப் போய்வரும் வழியையும் பழக்கியிருக்கிறார். ஒரு நாள் தனியாகத் திரும்பும்போது, பிளாட்பாரத்தில் நின்ற ஒரு நல்ல மனிதர் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார். அது தவறான வண்டி. ஊரின் இன்னொரு மூலையில் இறங்கி அழுதுகொண்டு கணவருக்குப் போன் செய்திருக்கிறார்.

"அந்தப் பிளாட்பாரத்தில மூண்டாம் நம்பர் பானெயும் வரும், பதின்மூண்டாம் நம்பர் ட்ரிக்கும் வரும், அக்கா."

"ட்ரிக்னா?"

"டிராம்."

"டிராமும் மெட்ரோவும் ஒரே பிளாட்பாரத்துலயா?"

"ஒரே தண்டவாளத்தில, சம்பந்தி" என்றார் பத்மநாதன்.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நான் திருச்சிக் கோட்டத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு வண்டி ஒரு பகுதிக்குள் போனால், அது வெளியே வந்துவிட்டது என்று மறுமுனையிலிருந்து உறுதி வரும்வரை இன்னொரு வண்டிக்கு லைன் கிளியர் கொடுக்க மாட்டோம். ஒரு டிராலி தண்டவாளத்தில் ஏறவேண்டும் என்றாலும் தாள், கையெழுத்து, போன். டிராம் என்பது தெருவில் ஆட்டோவோடும் மாட்டோடும் போகிற வண்டி என்று என் மனசில் இருந்தது. அதை மெட்ரோவுக்கு முன்னால் விடுவது என்றால், பூக்காரியின் கூடையை லாரிக்கு முன்னால் வைப்பது மாதிரிதான் எனக்குப் பட்டது.

"நாளைக்கு நான் பார்க்கணும்" என்றேன்.

"ரயில்வேக்காரி எல்லே. நீங்கள் ஒருக்கா இவவோட போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ. நீங்கள் சரியெண்டால் நானும் சரி" என்றார் பத்மநாதன். நான் பார்த்ததும் மிரண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நானும் வதனியும் கிளம்பினோம். வாசலைத் தாண்டியதுமே அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாலடி போனதும் அவர் நின்றார்.

"அக்கா, நீங்கள் என்னைப் பிடிக்கக் கூடாது. நான்தான் உங்களைப் பிடிக்கலாம்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் என் முழங்கைக்கு மேலே இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நான் அவரை நடத்தவில்லை, அவர்தான் என் நடையைப் படித்துக்கொண்டு வந்தார். படி வருமுன்னே அவருக்குத் தெரிந்தது. பஸ்ஸில் மோர்டென்ஸ்றுட் என்ற கடைசி நிலையம் வரைக்கும் போய், அங்கிருந்து மூன்றாம் நம்பர் பானெ. வெள்ளை வண்டி. நகரத்துக்கு அடியில் புகுந்து, மேற்கே வெளியே வந்தபோது பைன் மரங்களும் மரவீடுகளும் வந்தன. வண்டியில் யாரும் யாரோடும் பேசவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் மூன்று பேர் நின்றுகொண்டே வந்தார்கள். திருச்சி–மயிலாடுதுறை பாசஞ்சரில் அந்த இருக்கையில் நான்கு பேரைச் செருகியிருப்போம்.

றிங்ஸ்தாபெக் சின்ன நிலையம். கட்டிடம் என்று ஒன்றும் இல்லை. இறங்கி நின்று பார்த்தேன். பிளாட்பாரத்தின் ஒரு பாதி உயரமாக இருந்தது. பிறகு மெல்லச் சரிந்து, மறுபாதி முழங்கால் அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. உயரமான பாதி பானெயின் கதவுக்கு. தாழ்ந்த பாதி டிராமின் கதவுக்கு. இரண்டுக்கும் முன்னால் ஓடுவது அதே இரண்டு இரும்புகள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூடி போட்ட மூன்றாவது இரும்பு ஒன்று ஓடியது. பானெ அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. தலைக்கு மேலே கம்பி. டிராம் அதிலிருந்து எடுக்கிறது. ஒன்று காலடியில் குடிக்கிறது, மற்றது உச்சியில் குடிக்கிறது. பாதை ஒன்றுதான்.

சிக்னல் நிறம் மாறியது. வளைவில் வெளிர்நீல டிராம் ஒன்று வந்தது. நீளமான, தாழ்ந்த வண்டி. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் பெண் ஒருத்தி. அந்த உயரமான பாதியைப் பார்க்காததுபோல் கடந்து, தாழ்ந்த பாதியில் வந்து நின்று, தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தகப்பனை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அது போன தடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சற்றுப் பொறுத்து விளக்கு மாறியது. அதே இரும்பின் மேல் பானெ வந்தது. கனத்த, வெள்ளை, பெட்டிகள் கோத்த முழு ரயில். உயரமான பாதியில் நின்றது. கதவு திறந்தது, மூடியது, போனது. அடுத்து மறுபடி டிராம். யாரும் கொடி காட்டவில்லை. யாரும் விசில் ஊதவில்லை. என் வாழ்நாள் முழுக்க இரண்டு வண்டிகளை ஒன்றிடமிருந்து ஒன்று விலக்கி வைப்பதையே வேலையாகச் செய்தவள் நான். இங்கே அவற்றைச் சேர்த்து ஓடவிட்டு, நடுவில் இருக்கும் இடைவெளியை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காக்கிறார்கள். குளிரில் கண்ணீர் வந்தது என்று வதனியிடம் சொன்னேன். பாதி உண்மை.

நான் போனில் படமாக எடுத்துத் தள்ளுவதைப் பார்த்து, நாயோடு நின்ற ஒரு கிழவி வதனியிடம் ஏதோ கேட்டார்.

"ட்ரிக்கில என்ன அதிசயம் எண்டு கேக்கிறா."

"எங்க ஊர்ல இதுக்கு அனுமதி வாங்க நான் ரிட்டயரே ஆகியிருப்பேன்னு சொல்லுங்க."

வதனி சொன்னார். கிழவி சிரித்தார். தான் பிறந்ததிலிருந்து இந்தப் பாதையில் டிராம் ஓடுகிறதாம், ஒரு நாளும் யோசித்ததில்லையாம். நடுவில் சில வருடம் திருத்த வேலைக்காக மூடிவிட்டார்களாம். அப்போதுதான் அருமை தெரிந்ததாம்.

அடுத்த டிராம் வந்தபோது கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வதனியின் பிரம்பைப் பார்த்துவிட்டு விரைந்து வந்து கையைப் பிடித்தார். "நெய், தக்" என்றார் வதனி. வேண்டாம், நன்றி என்று பொருள். குரல் மிகச் சின்னதாக வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. வதனி தள்ளாடி இரண்டடி போய், பிறகு பிரம்பைத் தரையில் ஊன்றி நின்று, "நெய், தக்" என்று உரக்கச் சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகினார்.

"போன மாசம் இதைத்தான் சொல்லேலாமல் போச்சு, அக்கா. எனக்கு வழி தெரியும். சரிவு காலுக்குத் தெரியும். பானெ வாற சத்தம் அடிவயித்தில கேக்கும், ட்ரிக் வந்தால் தண்டவாளம் பாடும். பிடிச்சு இழுக்கிறவைக்கு இல்லையெண்டு சொல்லத்தான் எனக்குத் தெரியேல்லை."

திரும்பும்போது என் ஆசைக்காக டிராமில் ஏறினோம். யார் என்ற பெயருள்ள அடுத்த நிலையத்தில் பாதை பிரிந்தது. பானெ ஒரு பக்கம் போக, டிராம் தன் வழியில் திரும்பி ஆற்றைக் கடந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவுக்குள் இறங்கிவிட்டது. இரு பக்கமும் கார், சைக்கிள், ரொட்டிக்கடை. சற்று முன்புவரை ரயில்பாதைச் சிக்னலுக்குக் கட்டுப்பட்டு வந்த அதே வண்டி, இப்போது தெருவைக் கடக்க யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாய்க்காக மணியடித்துவிட்டு நின்றது. இரண்டு உலகத்துச் சட்டமும் தெரிந்த வண்டி. எனக்கு இறங்கவே மனம் வரவில்லை.

அன்று மாலை கார்த்திக்கிடம் போனில் சொன்னபோது, "இதுக்கேவாம்மா? ஜெர்மனியில ஒரு ஊர்ல தெருவுல ஓடுற டிராம் அப்படியே மெயின் லைன்ல ஏறி எக்ஸ்பிரஸுக்கும் கூட்ஸுக்கும் நடுவுல ஓடுது" என்றான். ஒரு வாரம் முன்பு சொல்லியிருந்தால் போடா என்றிருப்பேன். இப்போது எந்த ஊர் என்று கேட்டேன்.

பத்மநாதன் என் தீர்ப்புக்காகக் காத்திருந்தார். "விடலாம்" என்றேன். அவர் முகம் மாறியது. கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் அல்ல. வெள்ளிக்கிழமை வதனி தனியாகப் போய், புது வேலையிடத்தில் மேலாளரைப் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். சரியாக வந்துவிட்டால் திங்கட்கிழமை டாக்சி இல்லை என்று முடிவானது. நடுவில் ஒரு நாள் நானும் வதனியும் மறுபடி போய் வந்தோம். அன்று நான் அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பனி கொட்டத் தொடங்கியது. ஈரமான, கனத்த பனி. வதனி உடை மாற்றிக்கொண்டிருந்தபோது பத்மநாதன் சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, நீங்களும் அதே பானெயில பின்பெட்டியில ஏறுங்கோ. அவளுக்குத் தெரியாது. சும்மா கண் வைச்சிருந்தால் போதும்."

கேட்டது தப்பில்லை. பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியாது என்ற அந்த ஒரு சொல் எனக்கு உவப்பாக இல்லை.

"அவங்களுக்குக் கண்ணு தெரியலைங்கறதை நாமளே பயன்படுத்திக்கிற மாதிரி இருக்கும், சம்பந்தி. வேண்டாம்" என்றேன்.

அவர் வெளியே போய்க் காரின் மேலிருந்த பனியைத் தள்ளத் தொடங்கினார்.

வதனி போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். மேலாளர் நல்லவராம், வாஃபிளும் பழுப்புப் பாற்கட்டியும் கொடுத்தாராம். கிளம்பும்போதும் சொன்னார். நானும் பத்மநாதனும் காரில் மோர்டென்ஸ்றுட் போய் நிலையத்தில் நின்றோம். இங்கே நவம்பரில் மாலை என்று ஒன்று இல்லை; பிற்பகலிலேயே இருட்டிவிடுகிறது. கடையில் காப்பியும் பன்னும் வாங்கினோம். பன்னைப் பிட்டதும் ஏலக்காய் மணந்தது. இத்தனை குளிர் தேசத்தில் அன்றாடப் பன்னில் ஏலக்காய் போடுகிறார்கள். அதை வியந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே பானெ வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். வதனி இல்லை.

அடுத்தது வந்தது. அதிலும் இல்லை. பத்மநாதன் போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. அதற்கடுத்த வண்டியிலும் இல்லை. பலகையில் சிவப்பு எழுத்து ஓடியது. அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேற்குப் பக்கம் மரம் விழுந்து கிடக்காம். அந்தப் பக்கமிருந்து பானெ வராது. நகரத்தில இருந்துதான் இஞ்சை வருது."

"அப்ப அவங்க எங்க?"

"அதைத்தான் நான் உங்களிட்டைக் கேக்கிறன். விடலாம் எண்டு சொன்னது நீங்கள். கூடப் போங்கோ எண்டன், மாட்டன் எண்டதும் நீங்கள்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் என் மகன் பெண் எடுத்திருக்கிறான். அவன் மாமியாருக்கு ஏதாவது ஆனால், அவன் காலத்துக்கும் என்னைப் பற்றிய பேச்சு இதுவாகத்தான் இருக்கும். அந்த நினைப்புக்கூடப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, இருட்டில் ஒன்றுமே தெரியாது என்று அவர் சொன்னதுதான்.

"நான் காரை எடுத்துக்கொண்டு அங்கை போறன்" என்று திரும்பினார்.

"போகாதீங்க."

"என்ன?"

"ஒரு வண்டி எங்க இருக்குன்னு தெரியாதப்ப இன்னொரு வண்டியை அனுப்பக் கூடாது. நீங்க அங்க போய்ச் சேரும்போது அவங்க இங்க வந்து நின்னா? அவங்களுக்கு இந்த இடம் தெரியும். இங்கதான் வரப் பார்ப்பாங்க. நாம இங்க இருக்கணும்."

சொல்லிவிட்டுத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலையில் இருந்தபோது இதே மாதிரி ஒரு வண்டிக்காக இரவெல்லாம் காத்திருக்கிறேன். அப்போது கையில் போன் இருந்தது, மறுமுனையில் ஒரு மாஸ்டர் இருந்தார். பத்மநாதன் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். போகவுமில்லை, உட்காரவுமில்லை. இரண்டு வண்டிகள் வந்து காலியாகின. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்கடுத்த வண்டியில், எல்லோரும் இறங்கி முடித்த பிறகு, கடைசிக் கதவிலிருந்து முதலில் வெள்ளைப் பிரம்பு வந்தது. தரையைத் தட்டிப் பார்த்தது. பிறகு வதனி வந்தார். தலையிலும் தோளிலும் பனி கரைந்து ஈரமாக இருந்தது. நான் ஓடப்போனேன். பத்மநாதன் என் முன்னே கையை நீட்டித் தடுத்தார். வதனி சுவரோரமாக, தட்டித் தட்டி, எங்களைத் தாண்டி இரண்டடி போய்விட்டார்.

"வதனி" என்றார் பத்மநாதன்.

"நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சையே நிக்கிறியளோ? நான் பஸ்ஸுக்கெல்லே போறன்."

பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டோம். போனை ஏன் எடுக்கவில்லை என்று முதலில் கேட்டவர் பத்மநாதன்தான்.

"ஒரு கையில பிரம்பு, மற்றக் கையில கம்பி. மூண்டாவது கை இருந்தால் எடுத்திருப்பன்" என்றார் வதனி. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "மேல் பக்கத்தில பானெக்கு நிண்டனான். ஸ்பீக்கரில சொல்லுகினம், ரெண்டு பாதையும் பிரிஞ்சதுக்கு அங்கால பானெப் பாதையில மரம் விழுந்திட்டுது, பானெ வராது, ட்ரிக் மட்டும் ஓடுது, அதில ஏறுங்கோ எண்டு. சனமெல்லாம் கீழ்ப் பக்கம் போகுது. ஸ்னோ மூடினதால தரையில வழி காட்டுற வரிக்கல்லு காலுக்குத் தெரியேல்லை. எனக்கு விளங்கீட்டுது, இதிலயே நிண்டால் விறைச்சுப் போவன். அப்ப ஒருத்தர் வந்து கையைப் பிடிச்சு இழுத்தவர். நெய் தக் எண்டன். போயிட்டார். பேந்து நானே திரும்பி, பின்னுக்கு நிண்ட மனிசியிட்டைக் கேட்டன், உங்கட கையை நான் பிடிக்கலாமோ, ட்ரிக்குக்குப் போக வேணும் எண்டு. ஓம் எண்டா. சரிவில இறங்கிப் போய் ஏறினன். அவ எனக்குப் பிறகுதான் ஏறினவ."

"நகரத்துக்குள்ள?"

"பெரிய ரயில் ஸ்டேஷனடியில இறங்கி, கீழ பானெக்குப் போற படி எனக்குத் தெரியும்தானே, எத்தினை வருசம் வேலைக்குப் போன வழி. ஒருக்கா மட்டும் பிழையான பக்கம் போயிட்டன். அதுதான் சுணங்கினது."

போன மாதம் அவரை அழவைத்த அதே பதின்மூன்றாம் நம்பர். மூன்று வராதபோது அவரைக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். ஒரே இரும்பில் இரண்டு வண்டிகளை ஓடவிட்டவர்கள் யாரோ, எப்போதோ, எதற்கோ செய்த ஏற்பாடு. இந்த ஒரு பெண்ணை நினைத்துச் செய்ததில்லை. ஆனாலும் எனக்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டால் சம்பந்தி என்ன நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன்.

பத்மநாதன் மனைவியின் தோளிலிருந்த ஈரத்தைத் தட்டிவிட்டார். பிறகு, "கார் அங்கை நிக்குது. வாரும்" என்றார்.

"நீங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் பஸ்ஸில வாறன்."

"இவ்வளவு ஸ்னோவில?"

"திங்கக்கிழமையும் ஸ்னோ கொட்டும்தானே."

பஸ் கிளம்பியது. அதன் பின்னால் எங்கள் கார். சாலையில் பனி படிந்திருந்தது. பஸ் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்மநாதன் பின்னால் ஓரம்கட்டி, விளக்கைச் சிமிட்டவிட்டு நின்றார். பின்னால் வந்த ஒருவர் ஹாரன் அடித்தார். பத்மநாதன் பஸ்ஸை முந்தவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பஸ்ஸின் பின்கண்ணாடியில் பனி அப்பியிருந்ததால் உள்ளே யாரையும் தெரியவில்லை.

பியோர்ண்டாலில் வதனி இறங்கினார். பஸ் போனதும் பத்மநாதன் சட்டென்று காரின் முன்விளக்கை அணைத்தார்.

"வெளிச்சம் அடிச்சால் அவளுக்குக் கண் கூசும்" என்றார்.

இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவிளக்கின் மங்கலில் ஒரு சின்ன உருவம். பிரம்பு இடமும் வலமும் போய்ப் பனியில் இரண்டு கோடு கீறிக்கொண்டு போயிற்று. ஒரு இடத்தில் நின்றார். பத்மநாதனின் கை கதவுப் பிடிக்குப் போனது, திறக்கவில்லை. வதனி பாதை திருந்தி நடந்து, படியேறி, கதவைத் திறந்து உள்ளே போனார். மாடியில் விளக்கு எரிந்தது.

"இறங்கலாமா, சம்பந்தி?" என்றேன்.

அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் போங்கோ. நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்."

நான் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினேன். அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல், பனியில் கிடந்த கோடுகளை மிதிக்காமல் ஓரமாக நடந்து வீட்டுக்குப் போனேன்.